ஈட்டித் துப்பாக்கியில் மிதவைக் கயிறு பூட்டும் முறை

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கடலில் மூச்சடக்கி மூழ்கி ஈட்டியால் மீன் பிடிப்பவர்கள் விரும்பித் தேடும் மீன்களுள் ஒன்று, நாம் வஞ்சிரம் என்றும் இலங்கையில் அறுக்குளா என்றும் அழைக்கும் அதே மீன். ஈட்டி பட்டதும் அது பாயும் பாய்ச்சலைத் தாங்க வேண்டியது, மூச்சு குறைந்துகொண்டிருக்கும் மனிதரின் கை அல்ல. நீர்மேல் கிடக்கும் மிதவைதான். மிதவைக் கயிற்றைத் துப்பாக்கியின் பிடியில் கட்டும் வழக்கமும் உண்டு. ஆனால் அப்படிக் கட்டினால் மீனுக்கும் மிதவைக்கும் நடுவே துப்பாக்கி மாட்டிக்கொண்டு பாறையில் அடிபடும் என்பதால், பெரிய மீனுக்குப் போகிறவர்கள் ஈட்டிக் கயிற்றின் நுனியிலேயே மிதவைக் கயிற்றை இணைத்து, சுட்டவுடன் இரண்டும் துப்பாக்கியைவிட்டுக் கழன்றுபோகும்படி பூட்டுவதே நல்லது.

முதலில் ஈட்டிக் கயிறு. இதற்கு 1.6 முதல் 2 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள நைலான் நரம்பு ஏற்றது. ஈட்டியைத் துப்பாக்கியில் பொருத்தி, ஈட்டியின் பின்துளையிலிருந்து துப்பாக்கியின் முன்முனைக்கும், அம்முனையிலிருந்து பிடியருகே உள்ள கயிற்றுக் கொக்கிக்கும், மறுபடி முனைக்கும், மீண்டும் கொக்கிக்குமாக இரண்டு சுற்று சுற்றிப் பார்த்து, நரம்பின் இரு நுனிகளிலும் வளையம் போடுவதற்குக் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். 1.2 மீட்டர் துப்பாக்கிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் தேவைப்படும்.

வளையம் போடுமிடத்தில் அவசரம் கூடாது, ஏனெனில் மீன் தப்புவது பெரும்பாலும் இங்கேதான். முதலில் ஈட்டித் துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் அரத்தால் தேய்த்து நீக்க வேண்டும். நரம்பின் தடிமனுக்குச் சரியான அலுமினிய இரட்டைக் குழல் ஒன்றில் நரம்பைக் கோத்து, துளை வழியே விட்டு, திரும்பவும் குழலுக்குள் கொண்டுவந்து, அதற்கென்றே உள்ள இடுக்கியால் குழலின் நடுப்பகுதியை மட்டும் நசுக்க வேண்டும். இரு ஓரங்களையும் நசுக்காமல் விட்டால்தான் குழலின் விளிம்பு நரம்பை அறுக்காது. வெளியே நீட்டியிருக்கும் நுனியைத் தீயில் லேசாக உருக்கினால் சிறு குமிழாகத் திரண்டு, உருவிக்கொள்ளாமல் நிற்கும்.

மறுமுனை வளையத்தில் மிதவைக் கயிற்றின் கொக்கி மாட்டப்படும். இரண்டுக்கும் இடையே சுழலும் துருப்பிடிக்காத எஃகு ஸ்விவல் ஒன்று இல்லாவிட்டால், மீன் சுழலும்போது கயிறு முறுக்கேறிவிடும். இந்த இணைப்பைப் பிடியருகே ஒரு ரப்பர் வளையத்தில் சிறு முளையால் செருகி வைக்க வேண்டும். நீந்தும்போது விழாத அளவுக்கு இறுக்கமாகவும், கையால் இழுத்தால் உடனே கழன்றுவரும் அளவுக்குத் தளர்வாகவும் அது இருக்கிறதா என்பதைக் கரையிலேயே பலமுறை இழுத்துச் சோதிக்காமல் நீரில் இறங்கக் கூடாது.

மிதவைக் கயிறு, மூழ்கும் ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்காவது நீளமாக இருக்க வேண்டும். 15 மீட்டர் ஆழத்துக்கு 25 மீட்டர் போதும். நீரோட்டம் கயிற்றைச் சாய்ப்பதை ஈடுகட்டவே இந்தக் கூடுதல். மேலும் நீட்டினால் பவளப்பாறையில் சிக்கும். தானே மிதக்கும் கயிறு, அல்லது பிளாஸ்டிக் குழாய்க்குள் கயிறு ஓடும் வகை, காலில் சுற்றுவது குறைவு. வஞ்சிரத்தின் தசை மென்மையானது. திடீர் இழுப்பில் ஈட்டி கிழித்துக்கொண்டு வெளிவந்துவிடும். ஆகவே அதற்குச் செல்கிறவர்கள் நீளும் ரப்பர் கயிறு ஒன்றை இடையில் சேர்ப்பது பயன் தரும்.

மிதவை 11 லிட்டர் கொள்ளளவுடையது என்றால், அதை முழுவதும் நீருக்குள் அமிழ்த்த ஏறத்தாழ 11 கிலோ விசை வேண்டும். மீனைக் களைப்படையச் செய்வது இந்த விசைதான். அதன்மேல் நீலமும் வெள்ளையுமான மூழ்குநர் கொடியைக் கட்டாயம் நாட்ட வேண்டும், படகோட்டிக்கு உங்களைக் காட்டும் அடையாளம் அது ஒன்றுதான்.

நீரில் இறங்கிய பின்பே, மிதவைக் கயிற்றை இணைத்துவிட்டு, துப்பாக்கியின் ரப்பரை இழுத்து மாட்ட வேண்டும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றுவதோ, இடுப்பு எடைப் பட்டையில் மாட்டுவதோ உயிருக்கே ஆபத்து. எந்தக் கையாலும் எட்டும் இடத்தில் கத்தி இருக்க வேண்டும். சுட்டதும் மேலே வந்து மூச்சு வாங்கி, துணைவர் அருகில் இருப்பதை உறுதிசெய்த பிறகு, கயிற்றைக் கைக்கு மேல் கை மாற்றி மெல்ல இழுக்கலாம். இழுத்த கயிறு உங்களைச் சுற்றாமல் நீரோட்டத்தோடு விலகிச் செல்லும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கரையேறியதும் எல்லாவற்றையும் நன்னீரில் கழுவி, நரம்பின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினாலோ வெண்மை படிந்திருந்தாலோ அந்த நரம்பை மாற்றிவிட்டே அடுத்த முறை கடலுக்குச் செல்லுங்கள்.