பழைய வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரை இடிக்கும் முன்

காரைக்குடியிலோ புதுச்சேரியிலோ உள்ள பழைய வீடுகளின் மொட்டை மாடி விளிம்பில் வயிறு பருத்த குட்டித் தூண்கள் வரிசையாக நிற்கும். அதில் நாலைந்து உடைந்தால் மொத்தத்தையும் இடித்துவிட்டு ரெடிமேட் சிமெண்ட் தூண் வாங்கி வைக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த மெல்லிய தூணுக்குள் இருக்கும் கம்பியில் ஈரம் பட்டால் துரு பிடித்து உப்பும், சிமெண்ட் பிளந்து துண்டு துண்டாகக் கீழே விழும், கடலோரத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

உடையாத தூண் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் வளைவைத் தகரத்தில் வெட்டி எடுங்கள். அந்த அச்சை வைத்துச் சுதை வேலை தெரிந்த கொத்தனார் சுண்ணாம்புக் காரையிலேயே புதுத் தூணை உருட்டித் தருவார். பழைய சுவரும் சுண்ணாம்புதான், அதன்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் காரை உதிரும்.

அப்புறம் உயரம். பழைய கைப்பிடிகள் பல இடுப்புக்கும் கீழேதான் இருக்கும், பாதுகாப்புக்குக் குறைந்தது 1 மீட்டராவது வேண்டும். அதற்காகத் தூண்களை நீட்டினால் முகப்பின் அளவே கெட்டுவிடும். ஓர் அடி உள்ளே தள்ளி மெல்லிய எவர்சில்வர் குழாய் ஓட்டினால் தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மாடித் தளத்தில் (மெட்ராஸ் டெரஸ்) துளை போட்டால் மழைநீர் இறங்கி உத்திரம் உளுத்துவிடும், அதனால் குழாயின் தாங்கிகளை இடையிடையே உள்ள பெரிய தூண்களின் உள்பக்கத்தில் பொருத்துங்கள், அவை பளு தாங்குமா என்று பொறியாளரிடம் முதலில் காட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் தூண் இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, போனால் உள்பக்கம் கம்பிவலை கட்டிக்கொள்ளலாம்.