உயிரியல் விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடிப் பக்கம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். நாங்கள் படித்த காலத்தில் எழுதி மார்க்கை விட்ட அதே விடைகளைத்தான் இவர்களும் எழுதுகிறார்கள். கீழே தலைப்பாக இருப்பவை அந்தத் தப்பு விடைகள். சிலந்திக்கு எத்தனை கால், திமிங்கிலம் மீனா என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவற்றை யாரும் ஒரு தடவைக்கு மேல் தப்பாக எழுதுவதில்லை.

பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது

இதைப் படித்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஒரு பூச்சி கொஞ்சம் கொஞ்சமாக விஷம் குடித்து உடம்பைத் தேற்றிக்கொண்டு, அந்தப் பலத்தைக் குஞ்சுகளுக்கும் கொடுத்துவிடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது வேறு. மருந்து வயலுக்கு வருமுன்பே, கோடிக்கணக்கான பூச்சிகளில் ஏதோ சிலவற்றிடம் அதை உடைத்துப்போடும் நொதி கூடுதலாக இருக்கும். அது பிறவியில் வந்தது, மருந்து கொடுத்ததல்ல. மற்றவை சாக, இவை மிஞ்சி முட்டையிடும். நெல்லின் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதம். ஒரே சம்பாவுக்குள் கூட்டத்தின் சேர்க்கை மாறிவிடும். எந்தத் தனிப் பூச்சியும் மாறியிருக்காது.

போன சம்பாவில் என் மாணவன் ஒருவனுடைய அப்பாவின் வயலுக்குப் போயிருந்தேன். பயிர் வட்ட வட்டமாகக் கருகிக் கிடந்தது. "முன்னெல்லாம் இந்த மருந்துக்குக் கொத்துக் கொத்தா விழும் சார். இப்ப குளிச்சிட்டு எந்திரிச்ச மாதிரி நிக்குது" என்றார். கடைக்காரர் அளவைக் கூட்டச் சொல்லியிருக்கிறார். கூட்டினால்? தாங்குகிற பூச்சிக்குப் போட்டி குறையும். அதைத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியும் மிரிட் பூச்சியும் முதலில் சாகும். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சி மருந்துக்கு அசராத புகையான் ஆசியாவில் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. செயற்கைப் பைரெத்ராய்டு வகை மருந்து அடித்த வயலில் அது பெருகுவதும் பழைய செய்திதான். தண்ணீரை வடிக்கவும், யூரியாவை நிறுத்தவும், வேறு வகை மருந்தைத் தூரில் படும்படி அடிக்கவும் சொன்னேன். அடுத்த நடவில் எட்டடிக்கு ஓரடி நடாமல் இடைவெளி (பட்டம்) விடச் சொன்னதற்கு, "எடம் வீணாப்போகுமே சார்" என்றார்.

மகன் அந்த வாரத் தேர்வில் எழுதியது: பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது.

புதைபடிவம் என்றால் எலும்பு

அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் பெரும்பாலும் கிடைப்பவை அம்மோனைட், கிளிஞ்சல் போன்ற கடலுயிர்களின் ஓடுகள். டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரமே கல்லாகிக் கிடக்கிறது. உருண்டைக் கல்லெல்லாம் டைனோசர் முட்டையும் அல்ல. எங்கள் கொல்லையில் போர் போட்டால் கிடைக்குமா என்று ஒருத்தி கேட்டாள். கொல்லையில் இருப்பது காவிரி நேற்றுக் கொண்டுவந்து போட்ட வண்டல், அம்மா.

கோடியக்கரை மான்கள் ஓர் இனக்கூட்டம்

ஓரிடத்தில் வாழும் ஒரே இனத்து உயிர்கள்தான் ஓர் இனக்கூட்டம். வெளிமான் வேறு, புள்ளிமான் வேறு. இரண்டு இனக்கூட்டம்.

தசை தள்ளும்

தள்ளாது. கதவைத் தள்ளும்போதும் மேல்கையின் பின்புறத்து முத்தலைத் தசை சுருங்கி முழங்கை எலும்பை இழுக்கத்தான் செய்கிறது. நடவு நட்ட மறுநாள் இடுப்பு வலிக்கு லாக்டிக் அமிலத்தைக் காரணம் காட்டாதீர்கள். வேலை நின்ற ஓரிரு மணி நேரத்தில் அது போய்விடும். மறுநாள் வலிப்பது தசை நாரில் விழுந்த நுண்ணிய கிழிசலும், அதைச் சரிசெய்ய வரும் அழற்சியும்.