ஏரியைச் சீரமைக்கப் போகிறீர்களா? பொக்லைன் இறக்குமுன் செய்ய வேண்டியவை

ஊரில் நாலு பேர் சேர்ந்து பணம் திரட்டியாகிவிட்டது, ஒரு கம்பெனியும் உதவுகிறேன் என்கிறது, அடுத்த ஞாயிறே பொக்லைனை இறக்கிவிடலாம் என்ற வேகத்தில்தான் நிறைய ஏரி வேலைகள் தொடங்குகின்றன. தயவுசெய்து இறக்காதீர்கள். தண்ணீர் எந்த வழியாக வந்துகொண்டிருந்தது, ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் திட்டத்தில் பாதி. அதற்கு ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வேண்டும்.

முதல் வேலை, வரத்துக் கால்வாயில் நடப்பது. வண்டியில் போனால் எதுவும் கண்ணில் படாது. உங்கள் ஏரியில் தொடங்கி மேல் ஏரியின் கலிங்கு வரை (நிரம்பிய நீர் வழிந்து வெளியேறும் இடம், தெற்கே மறுகால் என்பார்கள்) நடந்துவிடுங்கள், ஏனென்றால் நம் ஏரிகள் சங்கிலி மாதிரி, மேலே நிரம்பி வழிந்தால்தான் கீழே வரும். எங்கள் பக்கத்தில் ஓர் ஏரியை இரண்டு முறை தூர்வாரியும் நிரம்பவே இல்லை. ஒருநாள் கால்வாயில் நடந்தபோதுதான் தெரிந்தது: சாலைக்கு அடியில் போட்ட சிமென்ட் குழாய், கால்வாய்த் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் உட்கார்ந்திருந்தது. குழாய்க்கு மேல்பக்கம் பாசி பிடித்த குட்டை, கீழ்ப்பக்கம் வெறும் புழுதி, அதில் ஆட்டுப் புழுக்கை. ஏரிக்குள் கொட்டிய பணத்தில் கொஞ்சத்தை அந்தக் குழாயை இறக்கிப் போடச் செலவழித்திருந்தால் தண்ணீர் வந்திருக்கும். கோடையில் ஒரு முறை, ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஒரு முறை என இரண்டு தடவை நடந்தால் இப்படிப்பட்ட இடங்கள் தப்பாது.

அப்புறம் காகிதம். கிராம வரைபடம், புல வரைபடம், அ பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணின் விவரமும் உள்ள வருவாய்த் துறைப் பதிவேடு) மூன்றையும் வாங்கி, ஏரியும் கால்வாயும் பதிவில் எவ்வளவு அகலம் என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரியில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் இருந்தால் பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். அனுமதி யாரிடம் கேட்பது என்பது இதில்தான் முடிவாகும். எல்லையை நீங்களே டேப் பிடித்து அளந்து சண்டைக்குப் போக வேண்டாம். நீர்வளத் துறை ஏரிகளை அளந்து எல்லைக்கல் நடவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதைச் சொல்லி மனு கொடுங்கள். கரையோரம் குடிசை போட்டிருப்பவர்களுக்கு மாற்று இடம் என்ன என்ற கேள்வியையும் அதே மனுவில் எழுதுங்கள். அவர்களை எதிரியாக்கிக்கொண்டு எந்த ஏரியையும் காப்பாற்ற முடியாது.

ஊரில் நீர்க்கட்டி வேலை (வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடுவது) பார்த்தவர், வலை போடுபவர், ஆடு மேய்ப்பவர் இவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். "பங்குனி, சித்திரையில் கடைசியாகத் தண்ணீர் நிற்பது எந்த மூலையில்?" என்று கேளுங்கள். கோடையில் விராலும் கெளுத்தியும் பிழைத்துக் கிடப்பது அங்கேதான், அந்த இடத்தை மேடாக்கிவிடக் கூடாது.

காரணம் தெரியாமல் மரம் நட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டைப் பார்க்கலாம். முன்பு கூறு போட்டு மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் மண் காய்ந்து தாழ்ந்து பள்ளமானது, ஓதத்தில் (கடல் நீர்மட்டம் ஏறும்போது) வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி வற்றி உப்பேறியது, அதில் எதுவும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்துபோக வழி செய்த பிறகுதான் அலையாத்தி பிடித்தது. முத்துப்பேட்டையிலும் இதே முறைதான். முதலில் நீரோட்டம், அப்புறம் செடி.

சாக்கடை வருகிறதென்றால் அதற்கு வழி செய்யாமல் மற்றதைத் தொடவே தொடாதீர்கள். ஆகாயத்தாமரை நல்ல சத்துள்ள நீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும், நீங்கள் அள்ள அள்ள அது வந்துகொண்டே இருக்கும். நுழைவாயிலில் வண்டல் படியும் குழியும் சம்பும் கோரையும் வளர்ந்த ஆழமில்லாத பட்டையும் அமைத்தால் ஓரளவு வடிகட்டும், ஆனால் ஒரு பேரூராட்சியின் மொத்தச் சாக்கடையை அது தாங்காது.

சரி, தோண்டுவது எப்படி? ஏரி கிண்ணம் மாதிரி இருக்கக் கூடாது. சுற்றிலும் செங்குத்தாக வெட்டி நடுவில் தீவு எழுப்பிப் படம் எடுத்துப் போடுகிறார்கள், அங்கே உள்ளான் போன்ற கரையோரப் பறவைக்கு நிற்க இடமில்லை. அதற்குக் கணுக்கால் அளவுத் தண்ணீரும் சேறும் வேண்டும். கரைக்கு எதிர்ப்பக்கம் ஓர் அடி இறங்கப் பத்தடி நீளம் என்ற அளவில் சரிவை விடுங்கள். கரையை ஒட்டித் தோண்டாதீர்கள், கரை பலவீனமாகும். வண்டலோடு நிறுத்துங்கள், அடியிலுள்ள களிமண்ணையும் வழித்து எடுத்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். வண்டலை முறைப்படி அனுமதி வாங்கி விவசாயிகளுக்குக் கொடுத்தால் மண்ணைக் கொட்ட இடம் தேடும் கவலையும் இல்லை. இன்னொன்று, பாசன ஏரி கோடையில் வற்றுவது இயல்பு. வருடம் முழுக்க ததும்ப வைக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். வற்றும்போதுதான் நாரைக்குத் தீனி, திலாப்பியாவும் குறையும்.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் துளிர்க்கும், தூரோடு எடுக்க வேண்டும். ஆனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். கொக்கும் நீர்க்காகமும் அதில் கூடு வைத்திருக்கலாம், முதலில் பாருங்கள். பகுதி பகுதியாக எடுத்து, அந்த இடத்தில் நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் நட்டு அவை வளர்ந்த பிறகு மிச்சத்தை எடுக்கலாம். வேடந்தாங்கலில் பறவைகள் பெரும்பாலும் கூடு கட்டுவது நீர்க்கடம்பில்தான்.

வேலைக் காலம் அறுவடை முடிந்து நீர் வற்றியதிலிருந்து வடகிழக்குப் பருவமழைக்கு முன்புவரை. கூடுகளில் குஞ்சு இருந்தால் அந்த மூலையைத் தள்ளி வையுங்கள். பணம் முழுவதையும் முதல் வருடமே கரைத்துவிடாமல், மூன்று வருடம் களை எடுக்கவும் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றவும் ஒதுக்கி வையுங்கள், கன்றுகள் சாவது அந்த வருடங்களில்தான். மதகில் அளவுகோல் வரைந்து வாரம் ஒரு முறை நீர்மட்டத்தை நோட்டில் குறியுங்கள், மாதம் ஒரு காலை பறவைகளை எண்ணுங்கள், ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் படம் எடுங்கள். முதல் மழைக்குக் குடையோடு கலிங்கில் போய் நின்று, எந்தத் தேதியில் தண்ணீர் வழிந்தது என்பதையும் அதே நோட்டில் எழுதிவிடுங்கள்.