குறையுள்ள ஒரு நல்ல கேமைப் பாதியில் தூக்கிப் போடாமல் ஆடுவது எப்படி

"அண்ணே, இந்த லேப்டாப்புல என்ன கேம் ஓடும்?" என்று கேட்கும் நாகர்கோவில் தம்பிகளுக்கு நான் சொல்வது பெரும்பாலும் இருபது வருஷப் பழசு. போட்டு ஒரு மணி நேரத்தில், வாளை வீசினால் படவே மாட்டேன் என்கிறது, துப்பாக்கி பாதியில் சிக்கிக்கொள்கிறது என்று புகாரோடு வருவார்கள். புகார் நியாயம்தான். ஆனால் ஆடி முடித்துப் பல வருஷம் ஆன பிறகும் மண்டையைவிட்டுப் போகாமல் கிடப்பது இந்த மாதிரிக் கேம்கள்தான், எல்லாம் வழுவழுவென்று இருந்த எத்தனையோ கேம்களின் பெயர்கூட ஞாபகம் இல்லை.

முதலில் குறைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கேமைச் செய்தவர்களே யோசித்து வைத்த தொந்தரவு ஒரு பக்கம், நேரமோ காசோ போதாமல் உடைந்து நிற்பது இன்னொரு பக்கம். ஒரு தொந்தரவை எடுத்துவிட்டால் அதோடு சேர்ந்து வேறு எது போகும் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் போகாது என்றால் அது வெறும் உடைசல்.

2008-ல் வந்த ஃபார் க்ரை 2 இதைப் பழக நல்ல இடம். சண்டை நடுவில் துப்பாக்கி சிக்கும். நாயகனுக்கு மலேரியா, அது எப்போது தலைகாட்டினாலும் மாத்திரை போட வேண்டும். மேப்பைப் பார்க்கக் கேமை நிறுத்த முடியாது, காகித மேப்பைக் கையில் விரித்துக்கொண்டே ஜீப் ஓட்ட வேண்டும். மூன்றும் சேர்ந்து செய்வது ஒரே வேலை, உங்கள் திட்டத்தைக் கலைப்பது. மேட்டில் இருந்து அமைதியாகச் சுடலாம் என்று போயிருப்பீர்கள், துப்பாக்கி சிக்கும், எங்கோ புல் பற்றிக்கொள்ளும், காற்று அந்தத் தீயை உங்கள் பக்கமே தள்ளும், கீழே விழுவீர்கள், கூட்டாளி ஒருவன் வந்து இழுத்துக்கொண்டு போவான். பிறகு ஒரு நாள் அதே கூட்டாளி அடிபட்டுக் கிடப்பான், வலிநிவாரணி ஊசி போட்டும் தேறவில்லை என்றால் என்ன செய்வது என்பது உங்கள் பாடு. இதை யாரும் வசனமாக எழுதி வைக்கவில்லை, உங்களுக்கு மட்டும் நடந்தது, அதனால்தான் மறப்பதில்லை. எனவே துப்பாக்கி சிக்காமல் இருக்க மாட் (ரசிகர்கள் கேமை மாற்றிச் செய்த கோப்பு) தேடாதீர்கள். எதிரி கீழே போட்ட துருப்பிடித்ததை எடுத்துக்கொண்டு அலையாமல், கடையில் வாங்கியதை அடிக்கடி புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள், போதும்.

அதே கேமில் காவல் சாவடியைக் காலி செய்துவிட்டுக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் மொத்த ஆளும் மறுபடி நிற்பான் பாருங்கள், அது உடைசல் கணக்கு. அதற்காக ரோஷப்பட வேண்டாம். தூரப் பயணத்துக்குப் பஸ் ஸ்டேஷன் இருக்கிறது, ஆறு இருக்கும் இடத்தில் படகு எடுங்கள்.

வாள் படாத புகார் 2002-ல் வந்த மாரோவின்ட் பற்றியது. அங்கே ஒவ்வொரு வீச்சும் உள்ளே பகடை உருட்டித்தான் தீர்மானமாகிறது, பச்சை நிறச் சோர்வுக் கோடு இறங்க இறங்க அடி தவறுவது கூடும். ஓடினால் அது இறங்கும். அதனால் சண்டைக்கு முன்னால் நடந்து போங்கள், உங்கள் ஆளுக்குத் திறமை இருக்கிற ஆயுதத்தையே கொடுங்கள். பாதி எரிச்சல் அங்கேயே போய்விடும். அப்புறம், போகும் இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. மார்த்தாண்டத்துக்கு உள்ளே போகப் போக வழி கேட்டால் "குருசடி தாண்டி இடது பக்கம், குளத்தங்கரையோட போ" என்பார்களே, அந்த மாதிரிதான் ஆட்கள் வழி சொல்வார்கள். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வழி தப்பி அலைவதில்தான் கேம் நடக்கும் அந்தத் தீவு முழுக்க மனசில் பதியும்.

2005-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ஷேடோ ஆஃப் த கொலோசஸ் பற்றி ஒரே ஒரு சொல்: நாயகனின் குதிரை சொன்னபடி திரும்பாது, அப்படித் திரும்ப வேண்டியதும் இல்லை. ஒடுங்கிய பாதையில் ஓட்டம் மட்டும் கொடுத்துவிட்டுக் கையை எடுங்கள், அதுவே வழி பார்த்துக்கொள்ளும்.

உடைசலே அதிகம் உள்ள கேம் என்றால் 2004-ல் வந்த வேம்பயர் பிளட்லைன்ஸ். முடிக்கும் முன்பே வெளியே தள்ளப்பட்டது, செய்த ட்ரொய்கா கம்பெனி அடுத்த வருஷமே மூடிவிட்டது. ரசிகர்கள் இன்றுவரை ஒட்டு (பேட்ச்) போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த பேட்சை நிறுவும்போது பேசிக், ப்ளஸ் என்று இரண்டு கேட்கும், முதல் தடவை பேசிக் போதும், ப்ளஸ் நிறைய மாற்றிவிடும். கேமில் வரும் ஓஷன் ஹவுஸ் ஹோட்டலுக்குப் போகும்போது ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். அடிக்க ஒரு எதிரிகூட இல்லாத அந்த வீட்டில் வருகிற பயம் பிற்பாடு வரும் நூறு சண்டையிலும் வராது. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, கரன்ட் போக நேரம் காலம் கிடையாது, இந்தக் கேமோ கரன்ட் இருந்தாலும் படுக்கும். ஆடிய இடத்தைச் சேமிக்கும்போது ஒரே சேவ் மேல் எழுதாமல் நாலைந்து தனித்தனியாக வையுங்கள்.

வழிகாட்டி வீடியோ பார்க்கலாமா? யோசித்து வைத்த இடங்களுக்கு வேண்டாம், குறைந்தது முதல் சில மணி நேரமாவது. உடைந்த இடங்களுக்குத் தாராளமாகப் பாருங்கள். பிளட்லைன்ஸில் கடைசிப் பகுதி சண்டைமயம், பேச்சுத் திறமைக்கே எல்லாப் புள்ளியையும் கொட்டியவர்கள் அங்கே திண்டாடுவார்கள், ஆரம்பத்திலேயே கொஞ்சம் சண்டைக்கும் போட்டு வையுங்கள். ஹாலிவுட்டுக்கு அடியில் வரும் சாக்கடைப் பகுதி நீளமான அலுப்பு, அதில் ரசிக்க ஒன்றும் இல்லை. அங்கே சீட் கோட் (கேமை ஏமாற்றும் குறுக்குவழிக் கட்டளை) போட்டுத் தாண்டினால் யாரும் கேட்கப் போவதில்லை.