பழைய களஞ்சியத் தேக்கில் வார்னிஷ் காயவில்லையா?

பர்மாவில் பெகு பக்கத்துக் கிராமங்களில் பழைய நெற்களஞ்சியங்களைப் பிரிக்கும்போது நல்ல தேக்குப் பலகைகள் கிடைக்கின்றன. மேசைக்கும் அலமாரிக்கும் இன்று ரங்கூன் மரக்கடைகளில் கிடைக்கும் புது மரத்தைவிட எனக்கு இவைதான் பிடிக்கும். ஆனால் வார்னிஷ் பூசினால் வாரக்கணக்கில் பிசுபிசுத்துக் கொண்டே இருக்கும். கடைக்காரர் கலப்பட வார்னிஷ் கொடுத்துவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். கோளாறு பலகைக்குள் இருக்கிறது.

பர்மாவில் மரவீட்டுக்கும் கிடங்குக்கும் கரையானும் மழையும் அண்டாதிருக்கக் கச்சா எண்ணெய் பூசுவது நெடுங்கால வழக்கம். எண்ணெய்க் கிணறுகளுக்குப் பேர்போன யேனாஞ்சவுங்கில் மண்ணிலிருந்து எடுத்த எண்ணெய் அது. பலகையின் கருமை பெரும்பாலும் அதனால் வந்ததுதான். அந்த எண்ணெய் தானும் இறுகாது, மேலே பூசுவதையும் இறுகவிடாது. தேக்குக்குச் சொந்தமாகவும் எண்ணெய்ப் பசை உண்டு. எண்ணெய் வகைப் பூச்சுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துத்தான் காய்கின்றன. தேக்கின் சத்து அதையும் தாமதப்படுத்தும்.

ஆணி பிடுங்குவதை விளக்க வேண்டியதில்லை. பிடுங்கிய பிறகு காந்தத்தால் ஒருமுறை தடவிப் பாருங்கள். உடைந்து உள்ளே நிற்கும் துண்டு ஒன்று போதும், இழைப்புளியின் வாய் போய்விடும். பழைய பெயின்ட் இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். அத்தகைய பலகையைத் தொடக்கக்காரர்கள் வாங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்து எல்லாரும் உப்புத்தாளை எடுக்கிறார்கள். எடுக்க வேண்டாம். தேய்க்கும் சூட்டில் எண்ணெய் இளகித் தாளை அடைத்துவிடும். மின்சார இயந்திரம் என்றால் இன்னும் மோசம். கூரான எஃகுத் தகட்டால் கருப்புத் தோலைச் சுரண்டி எடுங்கள், பிறகு இழைப்புளியை மெல்லிசாக ஓட்டுங்கள். தேக்கில் மணற்சத்து இருப்பதால் இரும்பு சீக்கிரம் மழுங்கும். சாணைக்கல் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆணித்துளையைச் சுற்றியுள்ள கருவளையத்தை விட்டுவிடுங்கள். இரும்புத் துரு மரத்தில் ஏறிய தடம் அது. மக்கு வைத்து அடைத்தால் பலகையின் வயதே போய்விடும்.

இனி வருவதுதான் முக்கியமான வேலை. வெள்ளைப் பருத்தித் துணியை அசிட்டோனில் நனைத்து, இழை ஓடும் திசையில் அழுத்தித் துடையுங்கள். முதல் துணி தார் தொட்டதுபோல் கருக்கும். துணியை மாற்றி மாற்றித் துடைத்தால் கருப்பு பழுப்பாகும், பழுப்பு மஞ்சளாகும். வெளிர் மஞ்சளோடு நிறுத்துங்கள். அந்த மஞ்சள் தேக்கின் சொந்த நிறம். துணி வெளுக்கும்வரை துடைப்பேன் என்றால் வேலை முடியவே முடியாது. மறுநாள் பாருங்கள், அடியிலிருந்து எண்ணெய் கசிந்து திட்டுத் திட்டாக மினுங்கும். அந்த இடங்களை மட்டும் மறுபடி துடையுங்கள். மினுக்கம் நின்ற பிறகுதான் உப்புத்தாள்: முதலில் 120-ஆம் எண், பிறகு அதைவிட நைசான 180. தூசியை மீண்டும் அசிட்டோனால் துடைத்து எடுங்கள். இதையெல்லாம் திறந்த வெளியில், கையுறையுடன் செய்யுங்கள். சாமி விளக்கு எரியும் அறையில் அசிட்டோன் புட்டியைத் திறக்கவே கூடாது.

அசிட்டோன் ஆவியானவுடன் அவலரக்கு (அவல்போல் தகடாக வரும் ஷெல்லாக்) கரைத்துப் பூசுங்கள். 100 கிராம் அரக்குக்கு 800 மில்லி ஸ்பிரிட் (ஆல்கஹால்) போதும். கரைந்ததும் அசைக்காமல் வைத்தால் அரக்கிலுள்ள மெழுகு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வடித்து எடுங்கள். மெழுகு கலந்த அரக்கின் மேல் பாலியுரித்தேன் வார்னிஷ் சரியாக ஒட்டாது. மெல்லிய இரண்டு பூச்சு போதும், மிச்சமுள்ள எண்ணெயை அரக்கு உள்ளேயே அடைத்துவிடும். மேலே எந்த வார்னிஷையும் பூசலாம். பளபளப்பு இந்த மரத்துக்குப் பொருந்தாது, மங்கல் வகையை வாங்குங்கள். முழுப் பலகையிலும் இறங்குமுன் உள்ளங்கை அகலத்தில் பூசி, இரண்டு நாள் கழித்து நகத்தால் அழுத்துங்கள். தடம் விழுந்தால் மீண்டும் அசிட்டோன்தான்.

பிற்சேர்க்கை: மோல்மேனிலிருந்து ஒருவர், அரக்கு பூசியதும் வெள்ளை மூட்டம் படர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். அது மழைக்கால ஈரம். கார்த்திகை முதல் மாசிவரை இந்த வேலைக்கு உகந்த காலம். அவர் பூசியதை வீணாக்க வேண்டாம். வெயிலடிக்கும் உலர்ந்த நாளில் ஸ்பிரிட் தொட்ட துணியால் இலேசாகத் தடவினால் மூட்டம் தெளிந்துவிடும்.

இன்னொருவர் பகானில் கைவினைப் பொருள்களுக்குப் பூசும் கருப்பு மரப்பாலைப் பற்றிக் கேட்டார். அது அரக்குக்கு நேர்மாறானது, ஈரக் காற்றில்தான் இறுகும். அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் இறுகாத பால் தோலில் பட்டால் பலருக்குக் கொப்புளம் எழும்; பழகிய கைவினைஞரிடம் கொடுத்துப் பூசிக்கொள்ளுங்கள்.