பிராஸ் பேண்ட் இசை நடத்துநர் ஆவது எப்படி

இங்கிலாந்தில் பிராஸ் பேண்ட் எனப்படும் பித்தளை ஊதுகருவிக் குழு ஒன்றை நடத்த விரும்புவோர், கையில் நடத்துநர் கோலை எடுப்பதற்கு முன் சில ஆண்டுகளாவது குழுவில் அமர்ந்து கார்னெட்டோ (ட்ரம்பெட் போன்ற சிறு கருவி) யூபோனியமோ (சிறிய டியூபா போன்றது) வாசித்திருப்பது நல்லது. புகழ்பெற்ற நடத்துநர் ஹாரி மார்ட்டிமரும் முதலில் கார்னெட் கலைஞராகவே பெயர் பெற்றவர்.

அடுத்து, எல்லாக் கருவிகளின் பகுதிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்ட முழு இசைக்குறிப்பைப் படிக்கப் பழக வேண்டும். ஏறத்தாழ 25 பித்தளைக் கருவிகளில் பாஸ் டிராம்போனைத் தவிர மற்றவை அனைத்தும், ஆழ்ந்து ஒலிக்கும் டியூபா உட்பட, ட்ரெபிள் கிளெஃபிலேயே (வழக்கமாக உயர்ந்த சுரங்களுக்குரிய குறியீடு) எழுதப்படுகின்றன. தாளில் ஒரே 'சி' சுரம் இருந்தாலும் கார்னெட்டில் அது பி ஃபிளாட்டாகவும் டெனார் ஹார்னில் ஈ ஃபிளாட்டாகவும் ஒலிக்கும் என்பதால், நான்கைந்து வரிகளைப் பியானோவில் சேர்த்து வாசித்துப் பார்ப்பதே சிறந்த பயிற்சி.

ஒத்திகையை மெதுவான தேவாலயப் பாடல் ஒன்றுடன் தொடங்குங்கள். எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுச் சுருதி சேர்வதற்கு அதைவிட எளிய வழி இல்லை. சுருதி விலகினால் குழு முழுவதையும் கடிந்துகொள்ளாமல், முதலில் டியூபாக்களை மட்டும் வாசிக்கச் சொல்லி, அவற்றின் மேல் மற்ற பகுதிகளை ஒவ்வொன்றாக அடுக்குங்கள்.

1853-இல் மான்செஸ்டரின் பெல்வ்யூவில் தொடங்கிய பிரிட்டிஷ் ஓப்பன் போன்ற போட்டிகளில் நடுவர்கள் மூடிய கூடாரத்துக்குள் அமர்ந்து கேட்பார்கள். மேடையில் கையை எவ்வளவு அழகாக வீசினாலும் அதற்கு மதிப்பெண் கிடையாது.

பெரும்பாலான குழுக்கள் பொழுதுபோக்குக் கலைஞர்களால் ஆனவை. ஆகவே இளையோர் குழுவிலோ போட்டித் தரவரிசையில் கடைநிலையான நான்காம் பிரிவுக் குழுவிலோ தொடங்கி, வருமானத்துக்கு ஆசிரியப் பணி போன்ற ஒன்றையும் வைத்துக்கொள்வது விவேகம்.