பூனைக்குட்டியில் தெள்ளு: பதறாமல் வேலையை முடிக்கும் வழி

புதிதாக வந்த குட்டியின் வயிற்று மயிருக்குள் கறுப்பாக ஒன்று ஓடியதைக் கண்ட இரவில் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. கணுக்கால் அரிக்கும், கழுத்து அரிக்கும், கம்பளியை மூன்று தரம் உதறியும் மனம் ஆறாது. அப்போது கை எதையாவது தேடும்: மண்ணெண்ணெய், பினாயில், நாய்க்கு வாங்கி மிஞ்சிய பவுடர், கொழுந்து மலைக்கு அடிக்கும் மருந்து. குட்டிக்குத் தெள்ளை விட இவையே பெரிய ஆபத்து. முதல் வேலை, இவற்றில் எதையும் அதன் மேல் போடாமல் இருப்பது.

காரணம் எளிது. மேலில் பட்டதையெல்லாம் பூனை நக்கித்தான் சுத்தம் செய்யும். மேலில் ஊற்றியது வயிற்றுக்குள் போய்விடும். நாய்ப் பவுடரிலும் நாய்ச் சொட்டு மருந்திலும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கலாம். பூனையின் ஈரலால் அதைச் சரிவர உடைத்து வெளியேற்ற முடியாது. பினாயில், டெட்டோல் போன்றவையும் அப்படியே. யூக்கலிப்டஸ் தைலம், கற்பூரம், அலுமாரியில் போடும் பூச்சி உருண்டை ஆகியவையும் வேண்டாம். குட்டி நடுங்குகிறதே என்று பரசிட்டமோல் கொடுத்துவிடாதீர்கள்; ஒரு துண்டே பூனையைக் கொல்லக்கூடும். பதற்றத்தில் ஏற்கெனவே எதையாவது பூசியிருந்தால், பாத்திரம் கழுவும் திரவத்தால் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, பூசிய மருந்தின் போத்தலையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள். உடல் துடிப்பதும் வாயில் நுரை வடிவதும் நஞ்சு ஏறியதன் அடையாளம்.

அடுத்து முரசை, அதாவது பல் ஈறைப் பாருங்கள். மேலுதட்டை விரலால் மெல்லத் தூக்கினால் முரசு ரோஸ் நிறமாக இருக்க வேண்டும். வெளிறியோ வெள்ளையாகவோ இருந்து குட்டியும் சோர்ந்து படுத்திருந்தால் அது இரத்தக்குறைவு. விடியும்வரை காத்திருக்கும் விஷயமல்ல. 500 கிராம் எடையுள்ள குட்டியின் உடலில் இருப்பது ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் இரத்தம்தான். 72 பெண் தெள்ளுகள் சேர்ந்தால் ஒரு நாளில் 1 மில்லிலீற்றர் வரை குடித்துவிடும். முரசு சிவந்திருந்து, குட்டி பால் குடித்து விளையாடினால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. இந்த ஒன்றைப் பார்த்து உறுதி செய்துகொண்டால் பாதிப் பதற்றம் அங்கேயே இறங்கிவிடும்.

தெள்ளுதானா என்று அறிய கடையில் விற்கும் பேன் சீப்பே போதும். ஈரமாக்கிய வெள்ளை டிஷூவை மடியில் விரித்து, வால் அடியிலும் தாடைக்குக் கீழும் மயிரோடு ஒட்டி மெதுவாக வாருங்கள். மிளகுத்தூள் போல விழும் துகளை விரலால் தேயுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாக நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். நிறம் பரவாவிட்டால் வெறும் மண். சீப்பில் அகப்பட்ட தெள்ளை நகத்தால் நசுக்காதீர்கள். சவர்க்காரம் கரைத்த நீர்க் கோப்பைக்குள் தட்டிவிடுங்கள். வெறும் தண்ணீரில் அது மிதந்து ஏறித் தப்பிவிடும். சவர்க்காரம் கலந்தால்தான் மூழ்கும்.

குளிப்பாட்டலாமா என்பதுதான் மலையகத்தில் யோசிக்க வேண்டிய கேள்வி. நனைந்த குட்டிக்குக் குளிர் ஏறினால் தெள்ளை விட விரைவாக அது சாகும். நான்கு வாரத்துக்குக் குறைந்த குட்டியை நனைக்கவே வேண்டாம், சீப்பு மட்டும். அதற்கு மேலென்றால் பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில், அடுப்பு எரியும் அறையில், கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். பேசினில் நான்கு விரல் உயரத்துக்கு 37, 38 பாகை நீர் போதும். முழங்கை மடிப்பில் ஊற்றினால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. பட்டாணி அளவு பாத்திரத் திரவத்தை நீரில் கரைத்து, முதலில் கழுத்தைச் சுற்றி நுரை வளையம் போடுங்கள். இதை விட்டுவிட்டு முதுகிலிருந்து தொடங்கினால் தெள்ளெல்லாம் முகத்துக்கும் காதுக்கும் ஓடிவிடும். முகத்தில் நுரை படவே கூடாது. அங்கே சீப்பும் ஈரத் துணியும் போதும். மூன்று நான்கு நிமிடத்தில் அலசி எடுத்து, சூடாக்கி வைத்த இரண்டு துவாய்களை மாற்றி மாற்றி ஒற்றித் துடைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் படுக்க வையுங்கள். அடிவயிற்று மயிர் முழுதாகக் காயும் வரை தனியே விடாதீர்கள்.

குளியல் அன்றைய தெள்ளை மட்டுமே கொல்லும். நின்று வேலை செய்வது மருந்து. அதற்கு எடையும் வயதும் தெரிய வேண்டும். குட்டியைத் துணிப்பையில் வைத்துக் கடைத் தராசில் நிறுத்துப் பையின் எடையைக் கழியுங்கள். ஏறத்தாழ வாரத்துக்கு 100 கிராம் என்பது நல்ல கணக்கு. ஃபிப்ரோனில், செலாமெக்டின் போன்ற, தோலில் விடும் சொட்டு மருந்துகள் பொதுவாக 8 வாரம் கடந்த குட்டிக்கு. நைட்டன்பைரம் மாத்திரை 4 வாரமும் 900 கிராமும் தாண்டினால் கொடுக்கலாம். சில மணி நேரத்தில் மேலில் உள்ள தெள்ளைக் கொல்லும், அதன் வேலை ஒரு நாளோடு தீர்ந்துவிடும். அதற்கும் சின்னக் குட்டியென்றால் முடிவு வைத்தியருடையது. பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்கலாம். சிக்கலான நிலையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. நாய்க்கான சொட்டு மருந்துக் குழாயைப் பாதியாக்கிப் பூனைக்கு விடும் வழக்கம் வேண்டாம், எந்த மருந்தானாலும்.

சொட்டை மயிரின் மேல் விடக்கூடாது. நாக்கு எட்டாத பின்கழுத்தில் மயிரைப் பிரித்துத் தோலில் விட வேண்டும். ஃபிப்ரோனில் தோலின் எண்ணெயோடு சேர்ந்துதான் உடல் முழுக்கப் பரவும். காலையில் சவர்க்காரக் குளியல், மாலையில் சொட்டு என்று செய்தால் அந்த எண்ணெய் போய்விட்டிருக்கும்; மருந்து பலிக்கவில்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முன்னும் பின்னும் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

இனி வீடு. கண்ணில் படும் பெரிய தெள்ளு மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துதான். மிச்சம் முட்டையும் புழுவும், புழு தெள்ளாக மாறும் கூடுமாகக் குட்டி படுக்கும் இடத்தில் கிடக்கும். ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40, 50 முட்டை வரை இடும். அவை ஒட்டாமல் உருண்டு கீழே விழும். எங்கே விழும்? மலையகக் குட்டி எங்கே சுருண்டு படுக்குமோ அங்கே: அடுப்படிச் சாக்கு, இஸ்தோப்பில் விறகுக் கட்டின் இடுக்கு, உங்கள் கம்பளி. அடுப்படியின் சூடும் சாக்கின் ஈரமும் சேர்ந்தால் புழுவுக்கு அதை விடச் சொகுசான இடம் இல்லை. அந்தச் சாக்கை எரித்துவிடுங்கள். குட்டிக்கு ஒரு கடுதாசிப் பெட்டியும் இரண்டு வெள்ளைத் துணிகளும் கொடுங்கள். ஒன்று படுக்க, ஒன்று துவைக்க.

பீலித் தண்ணீரில் துவைத்தால் முட்டை சாகாது. 60 பாகைச் சூடு வேண்டும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். எனவே மூன்று பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்து, துணியை அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். கம்பளி சுருங்கிவிடும் என்பதால் அதற்கு இந்த முறை ஆகாது. வெளியே கொண்டுபோய் அடித்து உதறி, ஈரத் துணி விரித்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை ஓரத் தையல்களில் அழுத்துங்கள். ஆவி உள்ளே போகும். சீமெந்துத் தரையை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஈரத் துணியால் துடைத்து, சுவர் ஓரப் பிளவுகளைத் தும்புத்தடியால் சுரண்டி, குப்பையை உடனே வெளியேற்றுங்கள். நுளம்பு ஸ்பிரே கூட்டுக்குள் இருப்பதைக் கொல்லாது, குட்டிக்குத்தான் கேடு.

லயன் வீடென்றால் இன்னொன்றும் உண்டு. சுவர் பொது, இஸ்தோப்பு பொது, பூனை நாய்கள் எல்லாக் காம்பராவுக்கும் போய்வரும். ஒரு வீடு மட்டும் மருந்து போட்டால் பத்து நாளில் திரும்பி வரும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம். தெள்ளு வருவது அழுக்கு வீட்டுக்கு மட்டும் என்பது பொய். குட்டி வந்த எந்த வீட்டுக்கும் வரும். “அக்கா, இந்தக் கிழமையே எல்லாரும் சேர்ந்து போட்டுடுவமா?” என்று கேளுங்கள். ஒளித்து வைக்கும் பாரமும் அதோடு இறங்கும்.

பதற்றம் திரும்பத் தலைதூக்குவது இரண்டாம், மூன்றாம் வாரத்தில். எல்லாம் செய்தும் புதுத் தெள்ளு துள்ளும். இது தோல்வி இல்லை. கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் தொடாது; அது வெளியே வந்து, மருந்து போட்ட குட்டியின் மேல் ஏறித்தான் சாக வேண்டும். சூடான ஊரில் முட்டை பெரிய தெள்ளாக மூன்று நான்கு வாரம் ஆகும். ஆண்டுச் சராசரி 16 பாகை அளவில் இருக்கும் நுவரெலியாவில் அது இழுபடும். கூடு மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே குறைந்தது மூன்று மாதம், மாதம் ஒருமுறை மருந்து. நாள்காட்டியில் இன்றே மூன்று தேதிகளையும் வட்டமிடுங்கள்.

பயத்தை அளக்க முடியாது, தெள்ளை எண்ணலாம். காலை ஒரு தரம், மாலை ஒரு தரம், பத்து நிமிடம் சீப்பு. அகப்பட்ட எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதுங்கள். நடுவில் குட்டியைப் புரட்டிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்யுங்கள். அது உங்களையும் பதறவைக்கும், குட்டியையும் மிரளவைக்கும். வாரம் ஒருமுறை வெள்ளைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டு எல்லா அறையிலும் நடந்து, ஏறிய தெள்ளை எண்ணுங்கள். 14, 9, 11, 4 என்று ஏறி இறங்கித்தான் குறையும். ஒரு நாள் கூடியதைப் பார்த்துப் புதிதாக எதையும் பூசாதீர்கள்.

எதுவும் கடிக்காமலே உடம்பு ஊர்வது போல இருப்பது பயத்தின் வேலை. விளக்கைப் போட்டு அந்த இடத்தை ஒரே ஒரு தரம் பாருங்கள். தெள்ளுக் கடி பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, நடுவில் புள்ளியோடு சிறு சிவப்புத் தடிப்பாக இருக்கும். தடிப்பு இல்லையென்றால் விளக்கை அணைத்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள், பத்து முறை. பூனைத் தெள்ளு மனிதத் தலையில் குடியிருக்காது, கடித்துவிட்டுப் போய்விடும். இந்த நாட்களில் மாலை நாலு மணிக்குப் பிறகு சாயத் தண்ணீர், அதாவது தேநீர் குடிப்பதை விடுங்கள். ஏற்கெனவே படபடக்கும் நெஞ்சுக்கு அது உதவாது. படுக்கையில் கிடந்து தொலைபேசியில் நோய்ப் பெயர் தேடுவதையும் விடுங்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியவை சில. குட்டி கீறினால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தெள்ளின் எச்சம் நகத்திலிருந்து காயத்துக்குப் போனால் காய்ச்சலும் நெறிகட்டலும் வரலாம். தெருவிலிருந்து வந்த குட்டி கடித்தாலோ இரத்தம் வரக் கீறினாலோ 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நோய் விஷயத்தில் பொறுத்துப் பார்ப்பது கிடையாது. மலவாயைச் சுற்றி அரிசி போன்ற துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழு, நக்கும்போது விழுங்கிய தெள்ளால் வந்தது. புழு மருந்தையும் எடை சொல்லியே வாங்குங்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, கழுவிக் கழுவிக் கை புண்ணாகிறது, வேலைக்குப் போக முடியவில்லை, குட்டியைத் தொடவே பயம் என்றால் அதைத் தெள்ளோடு சேர்த்துப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அதற்கு அழைத்துப் பேசுங்கள், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலையில் சொல்லுங்கள். அந்த நாட்களில் சீப்பு வேலையை வீட்டில் இன்னொருவர் எடுத்துக்கொள்ளட்டும்.

சீப்பிலும் காலுறையிலும் தொடர்ந்து நான்கு வாரம் பூச்சியம் வந்தால் சீப்பை வாரம் ஒருமுறையாக்கலாம். மூன்றாவது மாத மருந்தை மட்டும், தெள்ளே இல்லாவிட்டாலும், வட்டமிட்ட தேதியில் போட்டுவிடுங்கள்.